மூன்றாவது தடவைக்கு விண்ணப்பிக்கும் முன்

அக்கா, சனிக்கிழமை மகனோடு என்னிடம் வந்து நீங்கள் அழுதபோது ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

மகன் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை உயர்தரம் எழுதிவிட்டான். முதல் தடவை மூன்று எஸ், அதாவது சாதாரண சித்தி. இரண்டாவது தடவை ஒரு சி, அதாவது திறமைச் சித்தி, இரண்டு எஸ். கனடாவிலிருக்கும் உங்கள் தம்பி, "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், இன்னொரு தடவை எழுதட்டும். சரிவராவிட்டால் வெளிநாட்டில் காசு கட்டி டாக்டராக்குவோம்" என்கிறார். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்றாவது தடவைதான் கடைசி. மாவட்ட ஒதுக்கீடு இருந்தும் மருத்துவபீடம் போகத் திருகோணமலை மாவட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, இந்தப் பெறுபேற்றுக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. வெளிநாட்டுப் படிப்பின் கதை இதைவிட மோசம். படித்து வந்தாலும் இங்கே டாக்டராக வேலைசெய்ய இலங்கை மருத்துவ சபையில் பதியவேண்டும், அதற்கு உயர்தரத்தில் இரண்டு பாடத்திலாவது சி வேண்டும். அதற்குமேல் தனிப் பரீட்சையும் இருக்கிறது. அவனிடம் இருப்பது ஒரு சி. இதற்காகப் பாலையூற்றுக் காணியை ஈடுவைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். காணி உறுதிப் பத்திரம் அலுமாரியிலேயே இருக்கட்டும்.

அவன் சோம்பேறி என்றீர்கள். நீங்கள் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிய அந்தக் கால் மணித்தியாலத்தில், திருக்கடலூரில் அம்மப்பாவின் மீன்பிடி வாடியில் நடந்ததைச் சொன்னான். கடலில் பாதி வழியில் படகின் எஞ்சின் நின்றுபோகிறது. முதல் பின்னேரம் பிளக்கில்தான் பிழை என்று நினைத்து மாற்றினான், சரிவரவில்லை. அடுத்த நாள் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினான், அதுவும் இல்லை. மூன்றாம் நாள்தான், பக்கத்துத் துவாரத்தால் வெளியேறும் தண்ணீர் நூல் போல மெலிந்திருந்ததைக் கவனித்தான். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் தேய்ந்து, தண்ணீர் போதாமல் எஞ்சின் சூடேறியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவனுடைய விரல்கள் என் மேசையில் அந்த இதழ்களை வரைந்தன.

அம்மப்பாவின் கைராசி, பிறவியிலேயே வந்தது என்று உறவுகள் சொல்வார்கள். இரண்டு பின்னேரம் பிழைவிட்டவனிடம் என்ன கைராசி? யாரும் அதட்டாமல், பிழைவிட்ட இடத்துக்கே மூன்றாம் நாளும் போனானே, அதைத்தான் நான் திறமை என்று கணக்கெடுக்கிறேன். இரசாயனவியலிலும் உழைப்பு இருந்தது, ஆனால் அங்கே அதிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டது நீங்கள்.

கைப்பழக்கம் இருந்தால் போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டைதான். சான்றிதழ் இல்லாவிட்டால் வாடியோடு நின்றுபோவான். தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 4ஆம் மட்டம் முழுமையான தொழிலாளி, 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். படகின் பின்னால் பூட்டும் இந்த வெளியிணைப்பு இயந்திரங்களின் திருத்தம் இந்த முறைக்குள் வரும் தொழில். சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது. அரச பயிலுநர் பயிற்சி அதிகாரசபையான நைட்டா ஊடாகப் பட்டறையொன்றில் பயிலுநராகவும் சேரலாம். வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவர்களை, மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டச் சொல்லித் தகைமை வழங்கும் வழியும் உண்டு. அம்மப்பாவோடு கழித்த வருடங்கள் அங்கே எடுபடும். பிறகு டிப்ளோமா, விரும்பினால் இரத்மலானையில் தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகமான யுனிவோடெக்கில் பட்டம். அரச நிலையங்களில் கட்டணம் இல்லை, இருந்தாலும் குறைவு. இந்த வருடம் நீங்கள் தனியார் வகுப்புகளுக்குக் கொட்டியதோடு ஒப்பிடவே முடியாது.

டிப்ளோமாவில் கணிதமும் வரும், கடினமாகவும் இருக்கும். அப்போதும் அவன் விழுவான். அங்கே விழுந்தால் எழும்புவான் என்பதற்கு அந்த மூன்று பின்னேரங்களைத்தான் சாட்சியாக வைக்கிறேன்.

கனடாத் தம்பிக்கு நீங்கள் பதில் சொல்லத் தயங்கினால் என் இலக்கத்தைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். மகனிடம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். திருத்தும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் திகதி, பிழை, மாற்றிய பொருள், எடுத்த நேரம் நான்கையும் எழுதட்டும். எண்ணெய்க் கறை பட்டால் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை அதோடு அவன் தனியாக வரட்டும்.