மெசினா பவளத்தை வினிகரில் போடாதீர்கள்

வணக்கம். சிசிலியின் மெசினாவில் கிடைத்த கொம்பு வடிவப் புதைபடிவப் பவளம் டெஸ்மோபில்லமா, கேரியோஃபில்லியாவா, இந்த இரண்டு பவளப் பேரினங்களில் எது என்று கேட்டிருந்தீர்கள். கறுப்புப் படிவை வினிகரில் ஊறவைத்து எடுக்கலாமா என்றும்.

முதலில் அந்த வினிகரைத் தள்ளி வையுங்கள். இது அரகோனைட், அதாவது சுண்ணாம்பு வகை. வினிகர் பட்டால் நுரைத்துக் கரையும். முதலில் போவது பவளத்தின் உள்ளே ஆரம் போல நிற்கும் தகடுகளின் மெல்லிய விளிம்பு. அடையாளம் காண நமக்கு வேண்டியதே அதுதான்! மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். கறுப்பு பெரும்பாலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடாக இருக்கும்; கடலடியில் நெடுங்காலம் கிடந்த தடயம், இருக்கட்டும்.

சரி, இப்போது லென்ஸ் வைத்துக் கிண்ணத்துக்குள், அதாவது கொம்பின் அகன்ற முனையில் உள்ள குழிக்குள் பாருங்கள். நடுவில் முறுக்கிய நாடா போல ஒரு தண்டு, அதைச் சுற்றிச் சிறு மடல்களின் வளையம் இருந்தால் கேரியோஃபில்லியா. நடுப்பகுதி ஆழமாக, கிட்டத்தட்ட வெறுமையாக இருந்து, பெரிய தகடுகள் விளிம்பைத் தாண்டி மேலே நீண்டிருந்தால் டெஸ்மோபில்லம். அந்தப் பகுதியில் பெயர்பெற்றது டெஸ்மோபில்லம் டயான்தஸ். அது இன்றும் உயிரோடு இருக்கும் இனம். சிலியின் ஃபியோர்டுகளில் (மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்கால்களில்) முக்குளிப்பவர்கள் எட்டும் ஆழத்திலேயே வளர்கிறது.

அப்புறம், கிளைவிட்ட துண்டு ஏதும் கிடைத்தால் பழைய நூல்கள் லோஃபீலியா என்று சொல்லும். 2016-இல் அதையும் டெஸ்மோபில்லத்தில் சேர்த்துவிட்டார்கள். கிண்ணத்தை நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.