கொட்டகையில் நிற்கும் புல்லட்: கேள்வி பதில்

கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். புல்லட் மெக்கானிக் என்று போர்டு மாட்டியதில்லை. வீட்டு வாசலில் போட்டு நாலு வண்டியைப் பிரித்து மாட்டிய அனுபவம் உண்டு, அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350 பற்றி: பிளக்குக்குப் பொறி வரவைக்கும் பாயின்ட் செட், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புது வண்டிக்கு இது பொருந்தாது.

தேனியிலிருந்து: அண்ணே, அப்பாவோட 1986 மாடல் வண்டி பன்னிரண்டு வருஷமா மாட்டுக் கொட்டகையில நிக்குது. அப்பா இப்ப இல்லை. முதல்ல பெயின்ட்டா, எஞ்சினா?

ரெண்டும் இல்லை தம்பி. முதலில் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடு. அதிலுள்ள சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார். அப்பா இறந்துவிட்டதால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, புதுப்பிக்கப் படிவம் 25. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் நீட்டித் தருவார்கள். இருபது வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. காகிதம் தேறாத வண்டிக்குச் செலவழித்துவிட்டு ஆர்.டி.ஓ. வாசலில் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது போன். கழற்றும் முன் ஒவ்வொரு பக்கமும் படம் எடு. வயர் எது எங்கே போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து நினைவிருக்காது. பெயின்ட் கடைசி. ஓடாத வண்டிக்குப் பெயின்ட் அடித்தால், ஓட வைக்கும்போது அத்தனையும் கீறும்.

புதுக்கோட்டையிலிருந்து: சார், கிக்கர் மேல ஏறி நின்னாலும் அசையல. எஞ்சின் சீஸ்தானா?

ஏறி நிற்பதை முதலில் நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்றினால் கோளாறு கிக்கரின் பல்சக்கரத்தில், அதாவது ராட்செட்டில் இருக்கிறது, பிழைத்தீர்கள். சுற்றவில்லை என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பிடித்திருக்கிறது, அதுதான் சீஸ்.

பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் சிலிண்டர் துளையான போர் இரும்பு, ரிங்கும் இரும்பு. ஈரம் இறங்கினால் ரிங்கும் போரும்தான் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் பாவம் நடுவில் மாட்டியிருக்கும். அதன் தலையில் சுத்தியலால் அடித்தால் ரிங் உட்காரும் பள்ளம் உடையும், துரு அப்படியே இருக்கும். டீசலும் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிளக் துளை வழியாக ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். குறையக் குறைய ஊற்றுங்கள். பிறகு அதே டாப் கியர், அதே சக்கரம், மெதுவாக. ஒரு நூல் அசைந்தால் போதும், மறுபக்கம் தள்ளுங்கள், திரும்ப இந்தப் பக்கம். அப்போதும் அசையாவிட்டால் சிலிண்டர் மேலிருக்கும் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் அளவுக்கு உருட்டிய மரக்கட்டையை வைத்துத் தட்டலாம். இரும்பு வேண்டாம்.

விடுபட்டதும் போரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் போரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர்தான். ஸ்டாண்டர்டு போர் 70 மி.மீ., அதற்கு மேல் 20, 40, 60 தவு ஓவர்சைஸ் (ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதை லேத்காரனாகச் சொல்கிறேன்: பிஸ்டனை முதலில் வாங்கி, கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துதான் போர் அடிக்க வேண்டும். "நாற்பது அடிச்சு வைங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சிலிண்டரைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு, போர் அடிக்காமலே நானே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து: டேங்க் உள்ளே முழுக்கத் துரு. கோட்டிங் கொடுக்கலாமா அண்ணா?

துருவின் மேல் கோட்டிங் கொடுத்தால் ஒரு வருடத்தில் தோல் உரிந்து கார்புரேட்டரில் வந்து உட்காரும். பெட்ரோலைத் திறந்து மூடும் டேங்க் காக்கைக் கழற்றித் துளையை அடைத்து, வெள்ளை வினிகரை முழுக்க நிரப்பி இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கலாம். எண்ணித்தான் போட வேண்டும், எண்ணித்தான் எடுக்க வேண்டும். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, உடனே டீசலோ, டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் டூ டி ஆயிலோ உள்ளே சுழற்றி விடுங்கள். அரை நாள் சும்மா விட்டாலும் மறுபடி செந்நிறம் பூக்கும்.

பொட்டு ஓட்டை தெரிந்தால் வெல்டிங் கடைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பத்து வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும். சோப்பும் வெந்நீரும் போட்டுப் பலமுறை கழுவி, நெருப்பு வைக்கும்போது தண்ணீர் நிரப்பி, ஒட்டுமிடம் மட்டும் காலியாக இருக்கும்படி சாய்த்து வைத்துச் செய்யும் ஆளிடம் கொடுங்கள். பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதைத் தாங்காமல் இளகும்.

சேலத்திலிருந்து: ஐயா, புது பேட்டரி, புது பிளக். ஆனா கரன்ட் வரல.

பாயின்ட் முகத்தில் கறை படிந்திருக்கும். மெல்லிய எமரியால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த அட்டையால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். அப்போதும் பாயின்ட்டில் நீலப்பொறி பெரிதாகப் பறந்து பிளக்கில் சோகையாக வந்தால் கண்டென்சர் போய்விட்டது.

மதுரையிலிருந்து: சார், முதல் தடவை ஸ்டார்ட் ஆச்சு. தெருவே தெரியாத அளவுக்குப் புகை! மறுபடி பிரிக்கணுமா?

வேண்டாம். புல்லட்டில் ஆயில் தொட்டி எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கித் தேங்கும். அதைத்தான் எரித்திருக்கிறீர்கள். அடியிலுள்ள டிரெயின் போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு 20-டபிள்யூ-50 ஊற்றுங்கள். பத்து நிமிடம் ஓடியும் புகை குறையாவிட்டால் அப்போது ரிங்கைச் சந்தேகப்படலாம்.

ஒரு சோதனையை மட்டும் மறக்காதீர்கள். ஸ்டார்ட் ஆனதும், வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை ஹெட் பக்கம் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், பம்ப் வேலை செய்யவில்லை.

திருநெல்வேலியிலிருந்து: அண்ணா, நான் ஐம்பது கிலோதான் இருப்பேன். தாத்தாவோட வண்டியை நானே ஓட்டணும்னு ஆசை. "பொம்பளப் புள்ளையால கிக்கர் அடிக்க முடியாது"னு சித்தப்பா சொல்றார்.

சித்தப்பாவுக்கு, கரன்ட் ஓட்டத்தை முள்ளால் காட்டும் ஆம்ப் மீட்டர் எதற்கென்று தெரியாது போலிருக்கிறது. சாவியைப் போட்டு, லைட்டை அணைத்துவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தும்மா. ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். இடது கைப்பக்கம் இருக்கும், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் அழுத்து. ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். லிவரை விடு, கிக்கரை மேலே வரவிட்டு, பாதம் முழுக்க வைத்து ஒரே மிதி. உன் எடையை விட பிஸ்டன் நிற்கும் இடம்தான் முக்கியம். பொறி விழும் நேரம், அதாவது டைமிங், முந்தியிருந்தால் மட்டும் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகே மிதி. செருப்பு வேண்டாம், ஷூ.

சென்னையிலிருந்து: புதுப்பேட்டையில எல்லா ஸ்பேரும் புதுசாவே கிடைக்குது. மொத்தமா மாத்திடலாமா?

மாற்றலாம், வருத்தப்படலாம். பழைய மட்கார்டு ஒடுங்கியிருந்தால் டிங்கரிங் செய்யுங்கள். புதிதாக வருவதில் பல, தகட்டின் கனத்திலேயே பாதி. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் அச்சடித்த பாகம் துருவோடு இருந்தாலும் துளை துளைக்குப் பொருந்தும். கேபிள், ரப்பர், கேஸ்கட், பிரேக் ஷூ, டயர் இவை புதிதாகத்தான் வேண்டும். டயர் அளவு 3.25-19, முன்னும் பின்னும் ஒன்றே. பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போது வாயால் ஊதாதீர்கள்; அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்பேனரிலும் கவனம்: பல போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும்.

ஈரோட்டிலிருந்து: மொத்தம் எவ்வளவு ஆகும் சார்?

நான் ஒரு தொகை சொல்லி, நீங்கள் அதை வீட்டம்மாவிடம் சொல்லி, பிறகு எனக்குத்தான் திட்டு விழும்.

தஞ்சாவூரிலிருந்து: பெயின்ட் கட்டத்துக்கு வந்துட்டேன். பவுடர் கோட்டிங் சொல்றாங்க. செய்யலாமா?

பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக வைப்பதுதான் அது; சேஸுக்குச் செய்யலாம். கொடுக்கும் முன் நம்பர் குத்திய இடத்தில் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டி, "இங்கே பிளாஸ்டிங் வேண்டாம்" என்று எழுதியும் கொடுங்கள்; பிளாஸ்டிங் என்றால் மணலைப் பீய்ச்சித் துருவைச் சுரண்டுவது. என் இரண்டாவது வண்டியில் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது, நம்பர் மட்டும் பாதி தெரியவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாமல் மூன்று முறை அலைந்தேன். நிறத்தையும் ஆர்.சி.யில் உள்ளபடியே அடியுங்கள், மாற்றுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். டேங்க்கில் தங்கக்கோடு ஸ்டிக்கராகக் கிடைக்கும், வேண்டாம். உங்கள் ஊரில் கடைப் பலகை எழுதிய பெரியவர் யாராவது இன்னும் இருந்தால் தூரிகையோடு கூப்பிடுங்கள். என் டேங்க்கில் கோடு ஒரு இடத்தில் லேசாக நடுங்கியிருக்கும். அவருக்கு அன்று எழுபத்தொன்று வயது.