இரண்டாம் முறை அழைத்தால்?

வணக்கம் சேர்,

கொழும்பில் கணினி விஞ்ஞானம் இறுதி ஆண்டு படிக்கிறேன். கம்பியில்லா வலையமைப்பு, பொருள்களின் இணையம் ஆகியவற்றின் பாதுகாப்பில் கலாநிதிப் பட்டம் வரை போக ஆசை. "கொம்பனி வேலை கைக்கு வந்திருக்கு, இன்னும் படிப்போ?" என்கிறா அம்மா. அதைவிட என்னைக் குழப்புவது வேறொன்று. வைஃபை நியமங்களைப் பெரிய ஆட்கள் எழுதி, கணிதத்தால் நிரூபித்தும் வைத்துவிட்டார்கள். நான் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

சு., வெள்ளவத்தை

அன்புள்ள சு.,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மாத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர் வேறொரு கட்டுரையின் இறுதிப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தார். அதில் எழுதியதைச் சரிபார்க்க ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலைத் திறந்தார். வைஃபை சாவியை, அதாவது தரவை மறைக்கும் இரகசிய எண்ணை, பொருத்தும் ஒரு வரியில் கண் நின்றது. இதை இரண்டாம் முறை அழைத்தால், அதாவது இயக்கினால், என்ன ஆகும் என்று யோசித்தார். 2017இல் வெளியான 'கிராக்' தாக்குதல் அங்கேதான் பிறந்தது.

தொலைபேசியும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறிச் சாவியை உறுதிசெய்கின்றன. மூன்றாவது வந்ததும் தொலைபேசி சாவியைப் பொருத்தும். நான்காவது காற்றில் தொலைந்தால் ரவுட்டர் மூன்றாவதைத் திரும்ப அனுப்பும். தொலைபேசி அதே சாவியை மறுபடி பொருத்த, அனுப்பும் தரவுப் பொதிகளின் எண்ணிக்கை தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். சாவியும் இந்த எண்ணிக்கையும் சேர்ந்துதான் தரவை மூடும் மறைகுறி ஓட்டத்தை உண்டாக்குகின்றன. ஒரே ஓட்டம் இரண்டு பொதிகளை மூடினால், ஒன்றில் இருப்பதை ஊகித்து மற்றதைப் பிரித்துவிடலாம். நிரூபணத்தில் பிழை இல்லை; சாவி கடைசிவரை கசியவே இல்லை. அதை எப்போது, எத்தனை தடவை பொருத்துவது என்பது அந்தக் கணிதத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

செய்தி தொலைவதை வானொலி அலையோடு பழகியவர்கள் அறிவார்கள். எண்ணிக்கை திரும்பினால் வரும் ஆபத்தை மறையீட்டியல் படித்தவர்கள் அறிவார்கள். இரண்டும் ஒரே தலைக்குள் இருப்பது அரிது. உங்களுக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பொருள்களின் இணையத்தில் நிலைமை இன்னும் மோசம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட அறுபது சொச்சக் கடவுச்சொற்களை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கணிதமே தேவைப்படவில்லை.

அம்மாவின் கவலை நியாயமானது, அதை உதறிவிடாதீர்கள். நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பதை அவவிடம் சொல்லுங்கள். கொம்பனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனாலும் குறையில்லை. உண்மையான கருவிகள் எப்படிப் பழுதாகின்றன என்று அங்கே பார்ப்பீர்கள்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். புறக்கோட்டையில் மலிவான வைஃபை அட்டை ஒன்று வாங்குங்கள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, ஹோஸ்ட்ஏபிடி என்ற திறந்த மென்பொருளால் அதை வைஃபை நிலையமாக்குங்கள். உங்கள் சொந்தக் கருவிகளோடு மட்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டு வைஃபையைத் தொட்டால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. நான்காவது செய்தியைக் கவனியாதபடி நிரலை மாற்றுங்கள். பிறகு, காற்றில் போகும் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில், மூன்றாவது செய்தி எத்தனை தடவை திரும்பி வருகிறது, உங்கள் தொலைபேசி ஒவ்வொரு தடவையும் என்ன செய்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.