ட்யூன் கேட்கத் தொந்தரவு இல்லை, பெயர் போடத்தான் தொந்தரவா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் ஐ.டி. வேலை. கல்லூரி முதல் வருடத்திலிருந்து நானும் என் நண்பனும் சேர்ந்து ராக் பாட்டு வாசிக்கிறோம். முதலில் பீட்டில்ஸ், ஈகிள்ஸ் என்று மற்றவர்கள் பாட்டைத் திரும்ப வாசிக்கிற கவர்ஸ், பிறகு சொந்தப் பாட்டு. வரிகள் என்னுடையவை, ட்யூனும் பெரும்பாலும் நான்தான். அவன் கிட்டார். பீட்டில்ஸுக்குப் பாட்டு எழுதிய ஜோடியின் பெயரை வைத்து, எங்களை லெனன் - மெக்கார்ட்னி என்றுதான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள். போன வருடம் எங்கள் பாட்டு ஒன்றை ஒரு வெப் சீரிஸில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டே நாளில் பாட்டை முடித்துப் படிவத்தோடு அனுப்பச் சொன்னார்கள். அவன் அப்பாவுக்கு அப்போதுதான் பைபாஸ் நடந்திருந்தது. அவன் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான், பாட்டின் நடுவில் ட்யூன் மாறி வருகிற பிரிட்ஜ் பகுதிக்கு ட்யூன்கூட அங்கிருந்துதான் ராத்திரி வாய்ஸ் நோட்டில் பாடி அனுப்பினான். அந்த நேரத்தில் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று என் பெயரை மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். டைட்டில் கார்டைப் பார்த்ததிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. பணத்தில் பாதி தருகிறேன் என்று மெசேஜ் போட்டும் பதில் இல்லை. 'தொழிலில் நட்பு பார்த்தால் இப்படித்தான்' என்கிறாள் என் மனைவி. சட்டப்படி பாட்டு என்னுடையதுதானே? பெரிய ராக் கலைஞர்களே சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்தான். நண்பர்கள் சேர்ந்து பாட்டு எழுதவே கூடாதா? நான் வேறு கிட்டாரிஸ்டைப் பார்த்துக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, நீங்கள் கேட்டவற்றுக்கு அப்புறம் வருகிறேன். பிரிட்ஜ் ட்யூனை ஆஸ்பத்திரியிலிருந்து பாடி அனுப்பினான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா?

அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மகன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். பிரிட்ஜ் வரமாட்டேன் என்கிறது, ஏதாவது பாடி அனுப்புடா என்று நீங்கள் கேட்காமல், ஒருவன் அந்த நேரத்தில் அந்த இடத்தில் பாடுவானா? அந்த வாய்ஸ் நோட் இன்னும் உங்கள் போனில் இருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். ட்யூனை விடுங்கள், அதைத்தான் பாட்டில் வைத்துவிட்டீர்களே. பின்னால் இருக்கிற சத்தத்தைக் கேளுங்கள். ஸ்ட்ரெச்சர் உருளும், லிஃப்ட் மணி அடிக்கும், இந்த பேஷன்ட்டோட அட்டெண்டர் யாருங்க என்று ஒரு நர்ஸ் கூப்பிடுவார். அதற்கு நடுவில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருவன் உங்கள் பாட்டுக்காகப் பாடுகிறான். அவனிடம் 'உன் பேரையும் போட்டுடறேன்' என்று ஒரு வார்த்தை சொல்வது தொந்தரவா? சொல்லக்கூட வேண்டாம். பதிமூன்று எழுத்தோ பதினைந்து எழுத்தோ, உங்களுக்குத் தெரிந்த பெயர்தானே, எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு சொல்லியிருக்கலாம். ஒருவன் பெயரைப் போட அவனை எழுப்ப வேண்டியதில்லை. விடுவதற்குத்தான் அவன் அசந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த நாட்களில் நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போனதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. படிவம் வந்த கதை இருக்கிறது, டைட்டில் கார்டு இருக்கிறது. அவன் அப்பா இப்போது எழுந்து நடக்கிறாரா என்பதுகூட இல்லை. நான் பழைய காலத்து ஆள். சிநேகிதனின் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீ வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கு, இன்று ராத்திரி நான் இருக்கிறேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வோம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே பார்மசிக்கு ஓடுவோம். கல்லூரி முதல் வருடப் பழக்கம் என்றால் அந்த வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பீர்கள்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் மனைவி சொன்னதை எடுத்து வந்து என் முன்னால் வைக்காதீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்.

சரி, லெனன் - மெக்கார்ட்னிக்கு வருவோம். அந்தப் பெயர்களைச் சூட்டிக்கொள்கிறவர்களுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். 1957 ஜூலையில், லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழாவில் இருவரும் சந்தித்தார்கள். ஜான் லெனனுக்கு 16, பால் மெக்கார்ட்னிக்கு 15. பள்ளிக்கூட நோட்டில் பாட்டு எழுதின காலத்திலேயே, யார் எழுதினாலும் இருவர் பெயரும் போடுவது என்று பேசிக்கொண்டார்கள். 'யெஸ்டர்டே' பாட்டில் லெனனுக்கு வேலையே இல்லை. பால் தனியாகப் பாடி, கூட நான்கு தந்திவாத்தியக்காரர்களை மட்டும் வைத்துப் பதிவு செய்த பாட்டு. அதிலும் லெனன் பெயர்தான் முதலில் நிற்கிறது. 1969இல் இருவருக்கும் நடுவே வழக்கறிஞர்கள் நுழைந்துவிட்ட நேரம். லெனன் மான்ட்ரியலில் ஒரு ஹோட்டல் அறையில் 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பாட்டைப் பதிவு செய்கிறார். பால் அந்த ஊரிலேயே இல்லை. இசைத்தட்டில் லெனன் - மெக்கார்ட்னி என்றே அச்சானது. அந்த இடத்தில் தன் மனைவி யோகோவின் பெயரைப் போட்டிருக்க வேண்டும் என்று லெனன் பின்னாளில் சொன்னார், அது வேறு விஷயம். மெக்கார்ட்னிக்கும் அரிப்பு இல்லாமல் இல்லை. 2002இல் வந்த ஒரு கச்சேரித் தொகுப்பில் பெயர்களை வரிசை மாற்றி, தன் பெயரை முன்னால் போட்டுப் பார்த்தார். பெரிய வாக்குவாதம் ஆனது. மறுவருடம், பழையபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். யார் பெயர் முன்னால் என்று அடித்துக்கொண்டார்கள், கணக்கு வழக்குக்குக் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆனால் மற்றவன் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் படிவம் அனுப்பவில்லை.

பிரிட்ஜ் என்கிறீர்களே. 'எ டே இன் தி லைஃப்' பாட்டைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். லெனனின் பாட்டு அது. நடுவில் படுக்கையிலிருந்து எழுந்து தலைவாரி பஸ் பிடிக்க ஓடுகிற அந்தத் துண்டு மட்டும் மெக்கார்ட்னி கொண்டுவந்து சேர்த்தது. 'வீ கேன் வொர்க் இட் அவுட்' இதற்குத் தலைகீழ். பாட்டு மெக்கார்ட்னியுடையது, வாழ்க்கை ரொம்பச் சின்னது என்று திடீரென்று முகம் மாறுகிற நடுப்பகுதியில் லெனன் இருக்கிறார். அந்த நடுத்துண்டுகளை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். உங்கள் பாட்டில் உங்கள் நண்பன் உட்கார்ந்திருக்கும் இடமும் அதுதான்.

சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு ஞாபகம் வருவது அமெரிக்கப் பாட்டு ஜோடி பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும். 1957 கடைசியில், 16 வயதில், 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் 'ஹே ஸ்கூல்கேர்ள்' என்று ஒரு ஹிட் கொடுத்த பையன்கள். அடுத்த வருடம் பால் சைமன் வேறு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, கார்ஃபங்கலிடம் சொல்லாமல், தனியாக ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு ஓடவும் இல்லை. அதற்குப் பிறகு 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' வந்தது, 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' வந்தது, உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஆனால் தன்னிடம் சொல்லாமல் செய்த அந்தப் பழைய காரியத்தைக் கார்ஃபங்கல் கிழவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். காசு போனதை மனிதன் மறந்துவிடுவான் தம்பி.

அதனால்தான் உங்கள் 'பாதிப் பணம்' எனக்குப் பிடிக்கவில்லை. பாதி தருவதற்குத் தயார் என்றால், பாதி அவனுடையது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்புறம் என்ன 'சட்டப்படி என்னுடையதுதானே'? கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை விட்டுவிட்டு, மண்டபத்தில் அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டால் ஆயிற்றா? சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார், போகத்தான் வேண்டும்.

சட்டம் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1967இல் புரோகல் ஹாரம் என்ற ஆங்கிலேயக் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' வந்தது. பாட்டுக்கு உரியவர்களாக இரண்டு பெயர்கள்: இசைக்கு கேரி புரூக்கர், வரிகளுக்கு கீத் ரீட். ஆனால் அந்தப் பாட்டு என்றால் எல்லோருக்கும் முதலில் காதில் விழுவது, ஆரம்பத்தில் வருகிற ஆர்கன். அதை வாசித்த மேத்யூ ஃபிஷருக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. 2005இல் வழக்குப் போட்டார். இசைக்கான உரிமையில் 40 சதவீதம் அவருடையது என்று மறுவருடம் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. புரூக்கர் தரப்பு மேல்முறையீடு, அதில் ஏற்ற இறக்கம், கடைசியில் 2009இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஃபிஷர் பக்கமே நின்றது. 42 வருடம். அவன் கிட்டார் மட்டும்தான் என்று எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் கூட்டுப் படைப்பு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் நண்பன் கையில், தேதியும் நேரமும் போட்ட வாய்ஸ் நோட் இருக்கிறது. ஃபிஷரிடம் அதுகூட இல்லை.

உங்கள் நண்பன் வழக்குப் போட மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். பேசாமல் இருக்கிறவன் கோர்ட்டுக்குப் போவதில்லை. 'தி பேண்ட்' குழுவின் கதை அப்படி. 1967இல் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட் சாகர்டீஸ் என்ற ஊரில், 'பிக் பிங்க்' என்று அவர்கள் பெயர் வைத்த வாடகை வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து வாசித்த ஆட்கள். பிறகு பெரும்பாலான பாட்டுகள் ராபி ராபர்ட்சன் பெயரில் வந்தன. டிரம்ஸ் வாசித்துப் பாடிய லீவன் ஹெல்ம், எல்லோரும் சேர்ந்து உருட்டிச் செய்த பாட்டுக்கு ஒருவன் பெயரா என்று 1993இல் தன் வரலாற்றுப் புத்தகத்தில் கொட்டித் தீர்த்தார். எழுதியது நான்தான் என்பது ராபர்ட்சன் கட்சி. எனக்கு ஹெல்ம் கட்சிதான், ஆனால் அது இருக்கட்டும். அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் குழுவைச் சேர்த்தபோது ஹெல்ம் விழாவுக்கே போகவில்லை. 2012 ஏப்ரலில் ஹெல்ம் புற்றுநோயில் சாகக் கிடந்தபோதுதான் ராபர்ட்சன் நியூயார்க் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். சில நாளில் ஹெல்ம் போய்விட்டார்.

நண்பர்கள் சேர்ந்து எழுதக்கூடாதா என்ற கேள்விக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்டன் ஜானும் பெர்னி டாபினும் 1967இல் ஒரு பத்திரிகை விளம்பரம் வழியாகச் சேர்ந்தவர்கள். பெர்னி வரிகளை எழுதிக் கொடுப்பார், எல்டன் வேறு அறையில் பியானோவில் உட்கார்ந்து ட்யூன் போடுவார். நடுவில் கொஞ்ச காலம் வேறு வேறு ஆட்களோடு வேலை செய்துவிட்டுத் திரும்பியும் வந்தார்கள். குவீன் குழுவில் வேறு வழி. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லரின் பாட்டு இருந்தது. முன்பக்கத்துக்காக வாங்கினவர்களே லட்சக்கணக்கில், ஆனால் பின்பக்கத்துக்காரருக்கும் அதே ராயல்டி. இந்த மாதிரிக் கணக்குகளால் வருடக்கணக்கில் உரசல். 1989இல் வந்த 'தி மிராக்கிள்' தொகுப்பிலிருந்து யார் எழுதினாலும் 'குவீன்' என்றே போடுவது என்று நால்வரும் முடிவெடுத்தார்கள். எதைப் போட்டாலும், நால்வரும் இருக்கும்போது போட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் அந்த வெப் சீரிஸ் தயாரிப்பாளருக்கு மெயில் போடுங்கள். இசை இருவருடையது, தவறு என்னுடையது, டைட்டிலில் திருத்துங்கள் என்று. திருத்துவது அவர்களுக்குச் சிரமம் என்பார்கள், மறுபடியும் எழுதுங்கள். பாட்டை எங்கெல்லாம் பதிவு செய்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் அவன் பெயரையும் பங்கையும் சேருங்கள். அதெல்லாம் முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம், மெசேஜ் வேண்டவே வேண்டாம். அவன் இல்லாத நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, அப்பாவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிப் பாருங்கள். காசோலையைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். விளக்கம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், 'தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்' என்ற வாக்கியத்தை அந்த வீட்டுக்குள் சொல்லாதீர்கள்.

அவன் திரும்பப் பேசுவான் என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமலும் இருக்கலாம், அது அவன் இஷ்டம். பெயர் அதற்காகப் போடுவதில்லை.

வேறு கிட்டாரிஸ்ட் வேண்டுமென்றால் தேடிக்கொள்ளுங்கள். முதல் நாளே ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் உங்களைவிட அவருக்குத்தான் தேவைப்படும்.