போனில் இருக்கும் பாட்டும் புத்தகமும் புது லேப்டாப்புக்கு மாற்றுவது எப்படி?

கேட்டவர் சொல்வது: ஆண்ட்ராய்டு போனில் பல வருடமாகச் சேர்த்த பாட்டுகள், பிடிஎஃப் புத்தகங்கள். புதிதாக விண்டோஸ் லேப்டாப் வாங்கியிருக்கிறார். கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது.

முதலில் அந்தச் சார்ஜ் விஷயத்தை முடித்துவிடலாம். கேபிளைச் செருகியபின் போனின் லாக்கை எடுத்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். யூஎஸ்பி பற்றி ஒரு நோட்டிஃபிகேஷன் இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். அப்படியும் லேப்டாப்பில் போன் தெரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஃபைல் போவதற்கு உள்ளே தனிக் கம்பிகள் வேண்டும். ஸ்பீக்கர், பவர் பேங்க் இவற்றோடு வருகிற குட்டிக் கேபிள்கள் சிலவற்றில் அவை இருக்காது.

சரி, போன் தெரிந்துவிட்டது. இனி எல்லாவற்றையும் செலக்ட் செய்து இழுத்துப் போடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருடா வருடம் வில்லுப்பாட்டு உண்டு. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய போனில் பதிவு செய்வேன். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எல்லாம் 'வாய்ஸ் 001', 'வாய்ஸ் 002' என்றே இருக்கும். ஃபைலின் தேதியைப் பார்த்தால் எந்த வருடக் கொடை என்று தெரிந்துவிடும் என்பதால் பெயர் வைக்கவில்லை. போன் மாற்றியபோது அத்தனையையும் லேப்டாப்புக்கு இழுத்துப் போட்டேன். ஒன்று விடாமல் வந்தது. பழைய போனை அழித்துத் தம்பி மகளுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், நாற்பதுக்கும் ஒரே தேதி: நான் காப்பி செய்த நாள்.

அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரித்தேன். குடம் அடிக்கிற பெரியவர் 2019க்குப் பிறகு வரவில்லை. அவருடைய 'ஆமா' கேட்டால் அது அதற்கு முந்தையது. 2020இல் கொடையே நடக்கவில்லை. ஒன்றில் நடுவே மழை பிடித்து, மைக்கை மூடச் சொல்லி யாரோ கத்துவது கேட்கிறது. அது எந்த வருடம் என்று அம்மாதான் சொன்னார்.

இது ஏன் நடக்கிறது என்றால், கேபிள் வழியாக விண்டோஸும் போனும் பேசிக்கொள்வது எம்டிபி என்ற முறையில். பென் டிரைவைப் போலப் போனின் ஸ்டோரேஜ் கணினியின் கைக்கு நேரடியாக வருவதில்லை. கேட்கக் கேட்கப் போன் ஒவ்வொரு ஃபைலாக எடுத்துத் தருகிறது. அந்தக் கைமாற்றில் பல சமயம் பழைய தேதி விழுந்துவிடும். சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்கில் இருந்தால் நத்தை வேகம்தான், நடுவில் நின்றும் போகும். அதனால் 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யவே செய்யாதீர்கள். காப்பி மட்டும்.

நான் இப்போது செய்வது: போனிலேயே ஃபோல்டரை ஜிப் செய்துவிட்டு, அதாவது பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டிவிட்டு, அந்த ஒரே ஃபைலைக் காப்பி செய்வது. ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலின் தேதியும் சேர்ந்தே இருக்கும். சாம்சங் போன்களின் 'மை ஃபைல்ஸ்' ஆப்பிலேயே இந்த வசதி உண்டு. இல்லாத போனில் இசட்ஆர்க்கைவர் என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஜிப் 4 ஜிபிக்குள் இருக்கட்டும், பழைய ஜிப் முறையின் எல்லை அதுதான். 128 கேபிபிஎஸ் தரத்தில் இருக்கும் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி, ஆகவே ஐந்து நிமிடப் பாட்டு 800 அடங்கும். எம்பி3 ஜிப்பில் சுருங்காது என்பதால் போனில் அதே அளவு காலி இடம் வேண்டும்.

எதை முதலில் எடுப்பது? மறுபடி கிடைக்காததை. ரெக்கார்டிங்ஸ் ஃபோல்டர், நீங்களே ஸ்கேன் செய்த பக்கங்கள், உறவினர் அனுப்பிய குரல் பதிவுகள். பலர் மறந்துவிடும் இடம் வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்', இன்னும் உள்ளே போனால் வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ், வாய்ஸ் நோட்ஸ் எல்லாம் இருக்கும். அந்தக் குரல் பதிவுகள் ஓபஸ் வகை, விஎல்சி பிளேயரில் பாடும்.

புத்தகங்களில் பெரும்பகுதிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998இலிருந்து இயங்குகிறது. அங்கிருந்தோ, ஃப்ரீதமிழ்இபுக்ஸிலிருந்தோ, இலங்கைத் தமிழ் நூல்களுக்கான நூலகம் தளத்திலிருந்தோ எடுத்தவற்றை லேப்டாப்பில் புதிதாகவே இறக்கிக்கொள்ளலாம். யூனிகோடுக்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கும் பழைய ஃபைல்கள் புது லேப்டாப்பில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அவற்றுக்கு யூனிகோட் பதிப்பையே தேடி எடுங்கள். இபப் வகை மின்புத்தகங்களை எட்ஜ் பிரவுசர் இப்போது திறக்காது, காலிபர் என்ற மென்பொருளைப் போடுங்கள்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக்கில் டவுன்லோட் செய்த பாட்டுகள் எந்தக் கேபிளிலும் வராது. அவை அந்த ஆப்புக்குள் மட்டும் பாடும்படி பூட்டப்பட்டவை. லேப்டாப்பில் அதே கணக்கில் உள்ளே போனால் போதும். அமேசானின் மின்புத்தகச் சேவையான கிண்டிலும் அப்படித்தான். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் ஃபைலாக இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26இல் நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியதை நம் கையில் வைத்துக்கொள்ள முடியாதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எல்லாம் வந்தபின் இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பாட்டைத் திறந்து கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். பழைய போனை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். பெயரில்லாத பதிவுகளுக்குத் தேதி இருக்கும்போதே பெயர் வைத்துவிடுங்கள்.

என்னிடம் இன்னும் மூன்று பதிவுகள் எந்த வருடம் என்று தெரியாமல் கிடக்கின்றன. வருகிற ஆடிக் கொடைக்கு லேப்டாப்பை எடுத்துப்போய், பாட்டு தொடங்கும் முன் வில்லுப்பாட்டுப் பாடும் புலவரிடமே போட்டுக் காட்டிக் கேட்கப் போகிறேன்.