வீட்டுக் குளத்துல பெரிய ட்ரவுட் வளருமா?

கேள்வி: ஊட்டி பக்கத்துல இருக்கோம், வீட்டுக்குப் பின்னாடி ஊத்துத் தண்ணி வர்ற சின்னக் குளம் ஒண்ணு இருக்கு. ரெயின்போ ட்ரவுட் மீனை நல்லா பெருசா வளர்க்க ஆசை சார், முடியுமா?

பதில்: முடியும்ங்க, உங்க ஊர் குளிர் அதுக்குத் தோதுதான். ஊட்டி பக்கத்து அவலாஞ்சில 1907லயே வில்சன்ங்கிறவர் மீன் முட்டை பொரிப்பகம் அமைச்சு ட்ரவுட்டை நீலகிரி ஓடைங்கள்ல நிலைக்க வெச்சாரு.

முதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க. தண்ணி 10லருந்து 16 டிகிரிக்குள்ள இருந்தா மீன் நல்லா தின்னு வளரும், 20 தாண்டுனா திணறும், 25 கிட்ட போனா செத்துரும், அதனால ஏப்ரல் மே மத்தியானம் அளந்து பாத்துட்டு அப்புறம் குஞ்சு விடுங்க. ஊத்து வருஷம் முழுக்க ஓடணும், அதைக் கொஞ்சம் உயரத்துலருந்து கல்லு மேல விழ விட்டா காத்து நல்லா கலக்கும். மலை உயரத்துல தண்ணி பிடிச்சு வெக்கிற ஆக்சிஜனே கம்மி, அதுலயும் விடிகாலைல இன்னும் குறையும். நான் வளர்த்தப்போ ஒரு நாள் விடியறதுக்குள்ள போய்ப் பாக்குறேன், அத்தனை மீனும் தண்ணி விழுற இடத்துலயே நெருக்கியடிச்சு வாயத் திறந்து திறந்து மூடிட்டு இருக்கு, செவுள் படபடன்னு அடிக்குது, மனசே ஆறல. அப்படிப் பாத்தா அன்னிக்குத் தீனி போடவே போடாதீங்க, தண்ணில காத்து கலக்குற ஏரேட்டர் மெஷினைப் போடுங்க.

பெரிய மீன் வேணும்னா கொஞ்சமா விடுங்க, நெருக்கமா விட்டா எல்லாம் சின்னதாவே நிக்கும். புரதம் 40 சதவீதத்துக்கு மேல இருக்கிற தீனியா பாத்து வாங்குங்க. தண்ணி வெளிய போற வழில வலை கட்டாயம். குஞ்சுக்கு மீன்வளத்துறைலயே கேளுங்க, ஓடைல பிடிச்சுட்டு வராதீங்க.