மி சோன் கோயில்களைச் சோழர் கட்டினார்களா?

கேள்வி: வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் பெற்றோருடன் மூன்று நாள் தங்கவிருக்கிறோம். அருகிலுள்ள மி சோன் கோயில்களை ராஜேந்திர சோழன் கட்டினான் என்றும், அரை நாளில் அனைத்தையும் காட்டிவிடுவதாகவும் பயண முகவர் கூறுகிறார். நம்பலாமா?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். முன்னாள் குவாங் நாம் மாகாணத்தின் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கான மி சோனில், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற, இன்றைய வியட்நாமின் நடு, தென் பகுதிகளில் இருந்த சாம்பா நாட்டின் அரசன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்கு முதற்கோயிலை எழுப்பினான். மரத்தாலான அக்கோயில் தீக்கிரையானபின், 7ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் அதைச் செங்கல்லால் மீண்டும் கட்டினான். ராஜேந்திரன் அரியணை ஏறியதோ 11ஆம் நூற்றாண்டில். கட்டியவர்கள் மலாய் மொழிக்கு உறவான மொழி பேசும், சாம்பா நாட்டின் சாம் மக்கள். தமிழ்ப் பயணிகளிடம் சோழன் பெயரைச் சொன்னால் சீட்டு விற்கும் என்பதற்காக அவர்களுடைய ஆயிரம் ஆண்டு உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதுவது பெரும் அநீதி.

முகவர் ஒரு சான்றைக் காட்டக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களை அடுக்கும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ‘வளைப்பந்தூறு’ என்றொரு பெயர் வருகிறது. அதைச் சாம்பாவின் பாண்டுரங்கம் என்று ஆய்வாளர் சிலர் கருதினர், பிறர் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டாலும், பாண்டுரங்கம் இருந்தது தெற்கே வெகுதொலைவில், இன்றைய பான் ராங் பகுதியில். அது குவாங் நாமில் இல்லை. மேலும், ஓர் ஊரைத் தாக்கியதாகச் சொல்லும் வரி அந்நாட்டுக் கோயில்களைக் கட்டியதற்கு எவ்வகையிலும் சான்றாகாது.

அரை நாள் பயணத்தில் உள்ள சிக்கல் வேறு. மி சோனில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் வெறுஞ்செங்கல் கோபுரங்களே. அவற்றின் சிறந்த சிற்பங்கள், முனிவர்களின் அன்றாட வாழ்வைச் செதுக்கிய 7ஆம் நூற்றாண்டுப் பீடம் உட்பட, டா நாங் நகரின் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் உள்ளன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் சிலை ஓரிடம், கோயில் ஓரிடம் என்று பிரித்தார்கள். அளவெடுத்தவர்கள் கோபுரத் தொகுதிகளுக்கு இட்ட ஏ, பி, சி என்ற எழுத்துகளே இன்றும் பெயர்களாக நிற்கின்றன. ஒரு நூற்றாண்டு கடந்தும் பயணிக்குப் பொருள் தராத இந்த எழுத்துகளை ஏன் கட்டி அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே முதல் நாள் அருங்காட்சியகம், மறுநாள் காலை மி சோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோய் ஆனிலிருந்து மி சோன் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் சென்றுவிட்டால் பெற்றோருக்கும் நல்லது. வழியில் பளிங்குச் சிலைக் கடையில் வண்டி நிற்குமா என்று முன்பணம் கொடுக்குமுன்பே கேளுங்கள். நிற்கும் என்றால் வேறு வண்டி பாருங்கள். தரகுக்காகக் கடையில் கழியும் நேரம் கோயிலுக்கான நேரத்திலிருந்துதான் குறையும்.

அங்கே மிக உயர்ந்த கோபுரத்தைத் தேடாதீர்கள். 1969ஆம் ஆண்டு அமெரிக்கக் குண்டுவீச்சில் அது தகர்ந்தது. எஞ்சியவற்றில் பி, சி, டி தொகுதிகளில் நின்று பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறையினர் ஏ, எச், கே தொகுதிகளில் சீரமைப்புப் பணி செய்தனர். அப்பணியின்போது 2020இல் ஒரே மணற்கல்லாலான லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. நம் நாட்டாரின் உண்மையான பங்கைச் சொல்ல விரும்பும் முகவர் இதைச் சொல்லலாம்.

ஹோய் ஆனில் நீங்கள் பார்க்கும் பழைய வீதிகள் பிற்காலத்தவை. 1471இல் வியட்நாமிய மன்னர் லே தான் தோங் சாம்பாவின் விஜயா நகரைக் கைப்பற்றினார். குவாங் நாம் என்ற நிர்வாகப் பகுதி உருவானதும் அவ்வாண்டில்தான். சீன, சப்பானிய வணிகர்கள் ஹோய் ஆனில் தழைத்தது அதற்குப் பிறகே. 2025 ஜூலை முதல் குவாங் நாம் மாகாணம் டா நாங்குடன் இணைக்கப்பட்டுவிட்டதால், விடுதிச் சீட்டில் ஒரு முகவரியும் பழைய வழிகாட்டியில் வேறு முகவரியும் இருக்கலாம்; ஊர்ப் பெயரைக் கொண்டு தேடினால் போதும்.